ஒரு ராத்திரி, ஒரு ஜல்லோ: நான்கு விசித்திரப் படங்களில் எதை எடுப்பது?

கறுப்புக் கையுறை, சவரக்கத்தி, மழைக்கோட்டு, கொலையைக் கண்ணால் பார்த்தும் எதைப் பார்த்தோம் என்று புரியாமல் தவிக்கிற ஒரு சாட்சி. ஜல்லோ என்கிற இத்தாலியக் கொலை மர்மப் படங்களில் இரண்டு மூன்று பார்த்திருந்தால் இதெல்லாம் பழகிப்போயிருக்கும். அடுத்து, அதே வகையில் கொஞ்சம் தடம் மாறிப்போன ஒன்றைப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த இடத்துக்கு நான்கு படங்கள் போட்டி போடுகின்றன. நான்கும் ஜல்லோ என்ற பெயரில்தான் விற்கின்றன, ஆனால் நான்கும் நான்கு திசையில் போகின்றன, தப்பான ஒன்றை முதலில் எடுத்துவிட்டால் மற்ற மூன்றின் பக்கம் போகவே தோன்றாது. நண்பர் ஒருவருக்கு இந்த நான்கில் கோழிப்பண்ணையில் நடக்கிற படத்தை முதலில் கொடுத்தேன், அவர் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டார். அப்புறம் இரண்டு வருஷம் நான் சொன்ன எந்த இத்தாலியப் படத்தையும் அவர் தொடவில்லை. அதிலிருந்து வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்து கியாலோ என்று சொல்கிறவர்கள் உண்டு, ஜல்லோ என்பதே சரி. இத்தாலிய மொழியில் மஞ்சள் என்று அர்த்தம். நம்மிடம் மஞ்சள் பத்திரிகை என்றால் வேறு எதுவோ ஞாபகம் வரும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மொந்ததோரி பதிப்பகம் 1929 முதல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையில் வெளியிட்டது, அட்டை நிறமே அந்தக் கதைகளுக்குப் பெயராகிவிட்டது. இத்தாலியர்களுக்கு இன்றைக்கும் எந்தத் துப்பறியும் கதையும் ஜல்லோதான், அகதா கிறிஸ்டி எழுதியதும்கூட. வெளியே இருக்கிற நாம்தான் அந்தச் சொல்லை 1960களிலும் 70களிலும் வந்த ஒரு படவகைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். மரியோ பாவா 1963இலும் 1964இலும் எடுத்த இரண்டு படங்களில் அதன் அச்சு உருவாயிற்று. 1970இல் தாரியோ அர்ஜெந்தோவின் முதல் படம் பெரிய வெற்றி பெற்றதும், அடுத்த நாலைந்து வருஷம் ஆளாளுக்கு அதே அச்சில் வார்த்துத் தள்ளினார்கள்.

அர்ஜெந்தோவின் 'டீப் ரெட்' (1975) பார்க்காதவர்கள் இந்தக் கட்டுரையை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். டூரின் நகரத்து ராத்திரிச் சதுக்கம், காப்லின் குழுவின் இசை, கண்முன்னாலேயே இருந்தும் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு தடயம் என்று இந்த வகையின் இலக்கணம் முழுசும் அந்தப் படத்தில் இருக்கிறது. இலக்கணம் தெரிந்தால்தான் கீழே வருகிற நான்கும் எங்கே அதை மீறுகின்றன என்று தெரியும். நான் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த விசித்திரம் எங்கிருந்து வருகிறது? இயக்குநரின் கைவேலையிலிருந்தா, கதை நடக்கிற இடத்திலிருந்தா? கைவேலை விசித்திரம் முதல் தடவை பிரமிக்க வைக்கும், பிறகு தேய்ந்துவிடும். இடத்திலிருந்து வருகிற விசித்திரம் போகப்போக அழுத்தும்.

கோழிப்பண்ணைப் படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், நான்கில் வயதில் மூத்தது அதுதான். ஜூலியோ குவெஸ்தி 1968இல் எடுத்தது, ஆங்கிலத்தில் 'டெத் லெய்ட் ஆன் எக்', அதாவது மரணம் இட்ட முட்டை. கணவன் ழான் லூயி த்ரன்தின்யான், மனைவி ஜீனா லோலோபிரிஜிடா, கூடவே தங்கியிருக்கும் இளம் உறவுக்காரப் பெண்ணாக ஈவா ஆலின். எல்லாமே இயந்திரமயமான ஒரு நவீனக் கோழிப்பண்ணையை மனைவி நடத்துகிறாள், இயந்திரம் வந்ததால் வேலை போன தொழிலாளிகள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள், கணவன் அவ்வப்போது ஒரு விடுதி அறையில் பெண்களைச் சந்திக்கிறான், அங்கே கொலை நடப்பதாக நமக்குத் தெரிகிறது. மூவருக்கும் இடையே யார் யாரைக் கவிழ்க்கப் போகிறார்கள் என்பதுதான் மர்மம். இது போதாதென்று பண்ணை ஆய்வகத்தில் தலையும் இறக்கையும் இல்லாத கோழிகள் உருவாகின்றன, உயிருள்ள வெறும் இறைச்சி உருண்டைகள். கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், த்ரன்தின்யானுக்குக் குமட்டுகிறது.

அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தை நான் மதிக்கிறேன். இலாபத்துக்குத் தேவையில்லாத உறுப்பையெல்லாம் வெட்டி எறிந்துவிட்ட ஓர் உயிர் எப்படி இருக்கும் என்று 1968இலேயே ஒருவர் படமாக்கிக் காட்டியிருக்கிறார். ஆனால் படத்தொகுப்பு வெட்டிவெட்டிப் போகும், ஒரு காட்சி முடியாமலே அடுத்தது புகுந்துவிடும், புரூனோ மதெர்னாவின் இசை வேண்டுமென்றே சுருதி சேராமல் நரம்பைப் பிடித்து இழுக்கும். மதெர்னா சினிமாக்காரர் இல்லை, ஐரோப்பாவின் நவீன இசையில் பெரிய பெயர், அதனால் இசை படத்துக்குத் துணை போகாமல் படத்தோடு சண்டை போடுகிறது. இதையெல்லாம் ரசிக்க உங்களுக்கு அந்த 60களின் சோதனைப் பாணியில் ஏற்கெனவே ஆர்வம் இருக்க வேண்டும். கொலை மர்மம் பார்க்க உட்கார்ந்தவருக்கு இது கோபத்தைத்தான் கிளப்பும்.

அடுத்தது பிராக் படம். ஆல்தோ லாதோவின் முதல் படம், 1971, 'ஷார்ட் நைட் ஆஃப் கிளாஸ் டால்ஸ்'. இதன் தொடக்கத்தை மிஞ்ச இந்த நான்கில் வேறு எதுவும் கிடையாது. காலையில் பூங்காவில் புதருக்குள் ஓர் ஆள் கிடக்கிறான், இறந்துவிட்டான் என்று முடிவு செய்து பிணவறைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆனால் அவன் சாகவில்லை. கண் திறந்திருக்கிறது, காது கேட்கிறது, யோசிக்க முடிகிறது, ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. பிணவறை மேடையில் படுத்தபடியே, நமக்கு இது எப்படி நேர்ந்தது என்று அவன் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்க்கிறான். அவன் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளன் (ழான் சொரேல்), காணாமல் போன காதலியை (பார்பரா பாக்) பிராக் நகரம் முழுக்கத் தேடி அலைந்தவன். பிரேதப் பரிசோதனைக்கு நேரம் நெருங்குகிறது. உடம்பு ஏன் இன்னும் விறைக்கவில்லை என்று சந்தேகப்படுகிற டாக்டர் நண்பர் ஒருவர் இருக்கிறார்.

துப்பறிகிறவனே பிணமாகக் கிடக்கிறான், அதுதான் இதன் அழகு. என்னியோ மோரிகோனேவின் இசை அடக்கி வாசிக்கிறது, ரத்தம் மிகக் குறைவு, கத்திக்காரன் துரத்தல் கிட்டத்தட்ட இல்லை. பிராக்கில் சோவியத் டாங்கிகள் நுழைந்து மூன்றே வருஷம் ஆனபோது வந்த படம், வயதான அதிகாரக் கும்பல் இளைஞர்களை உறிஞ்சிப் பிழைக்கிறது என்பதுதான் அதன் அடிநாதம். படப்பிடிப்பின் பெரும்பகுதி யுகோஸ்லாவியாவில் நடந்தது, ஆனாலும் அந்தக் குளிர்ந்த கற்தெருக்களில் யாரோ நம்மைக் கண்காணிக்கிற உணர்ச்சி விட்டுப்போவதில்லை. என் குறை நடுப்பகுதி பற்றியது. தேடல் காட்சிகள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கின்றன, ஆள் ஒருவரைப் பார்ப்பது, அவர் பயந்து மழுப்புவது, மறுபடி இன்னோர் ஆள். பிணவறைக்குத் திரும்பும்போதெல்லாம்தான் நிமிர்ந்து உட்காருவோம். ஆனால் கடைசிப் பத்து நிமிஷத்தில், மருத்துவக் கல்லூரியின் வட்ட அரங்கத்தில் மாணவர்கள் நிரம்பி உட்கார்ந்திருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

நிலாப் படம் என்று நான் சொல்வது லூயிஜி பட்ஸோனியின் 'லே ஓர்மே' (1975). சுவடுகள் என்று பொருள், ஆங்கிலத்தில் 'ஃபுட்பிரின்ட்ஸ் ஆன் தி மூன்' என்று தேடினால் கிடைக்கும். ரோமில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் ஆலிஸ் (ஃப்ளோரிண்டா போல்கான்) ஒரு நாள் வேலைக்குப் போகிறாள், அவளுக்கு நடுவில் சில நாட்கள் காணாமல் போயிருப்பது அங்கேதான் தெரிகிறது. அந்த நாட்களில் எங்கே இருந்தாள், என்ன செய்தாள், ஒன்றும் ஞாபகமில்லை. வீட்டில் ஒரு கிழிந்த தபால் அட்டை கிடக்கிறது, கார்மா என்ற ஊரின் ஓட்டல் படம் போட்டது. அலமாரியில் அவள் வாங்காத ஒரு மஞ்சள் உடை. இடையிடையே ஒரு பழைய கனவு வந்து போகிறது, விண்வெளி வீரன் ஒருவனை நிலாவில் தனியே விட்டுவிட்டுப் போகிறார்கள், பூமியிலிருந்து அதை நடத்துகிறவராகக் கிளாவுஸ் கின்ஸ்கி. ஆலிஸ் கார்மாவுக்குப் போகிறாள். அங்கே இருப்பவர்கள் அவளை ஏற்கெனவே பார்த்ததாகச் சொல்கிறார்கள், வேறு பெயரில், வேறு நிறத் தலைமுடியோடு.

துருக்கிக் கடற்கரையில் எடுத்த படம். ஒளிப்பதிவு வித்தோரியோ ஸ்தொராரோ, பின்னாளில் மூன்று ஆஸ்கர் வாங்கியவர், அர்ஜெந்தோவின் முதல் படத்துக்கும் அவர்தான் கேமரா. சீசன் முடிந்து காலியாகிவிட்ட ஓட்டல், நீளமான தாழ்வாரங்கள், வண்ணக் கண்ணாடியில் மயில், இதையெல்லாம் அவர் காட்டுகிற விதத்தில் சும்மா ஒரு பெண் நடந்து போவதே மர்மமாகிவிடுகிறது. கண்ணுக்கு அழகு என்று பார்த்தால் நான்கில் இதற்குத்தான் முதல் இடம், நான் இதில் மாற்றுக் கருத்தே கேட்கமாட்டேன். ஆனால் இதைக் கொலை மர்மம் என்று சொல்லிக் கொடுத்தால் ஏமாற்று வேலையாகிவிடும். கொலை கிட்டத்தட்ட இல்லை, யார் செய்தார்கள் என்ற கேள்வியே எழாது, கேள்வி முழுவதும் நான் யார் என்பதுதான். தனியாக, மனசு கொஞ்சம் அமைதியாக இருக்கிற ராத்திரியில் பார்க்க வேண்டிய படம். நாலு பேர் கூடி பேசிக்கொண்டே பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது.

சரி, இப்போது ஜன்னல் படம். பூப்பி அவாத்தி 1976இல் எடுத்த 'தி ஹவுஸ் வித் லாஃபிங் விண்டோஸ்', சிரிக்கும் ஜன்னல்கள் உள்ள வீடு. என் தேர்வு இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்கான காரணத்தைக் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வட இத்தாலியில் போ நதி கடலில் கலக்கிற கழிமுகப் பகுதி. கொமாக்கியோ பக்கத்துச் சதுப்பு நிலம், மேடே இல்லாத தட்டை வயல், கால்வாய், நாணல், ஆள் நடமாட்டமில்லாத மண்பாதை. ஜல்லோ என்றால் ரோம், மிலான், பணக்கார அடுக்குமாடி, நவீன மரச்சாமான் என்று பழகிய கண்ணுக்கு இந்த இடமே முதல் அதிர்ச்சி. ஸ்தெஃபானோ என்ற இளைஞன் (லினோ கப்போலிக்கியோ) படகில் வந்து இறங்குகிறான். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து மீட்கிறவன். ஊர்த் தேவாலயத்தின் சுவரில் புனித செபஸ்தியான் வதைபடும் ஓவியம் ஒன்று பாதி அழிந்து கிடக்கிறது, அதைச் சரிசெய்தால் வெளியூர் ஆட்கள் பார்க்க வருவார்கள் என்று மேயருக்கு ஆசை. வரைந்தவன் லென்யானி என்று அந்த ஊர்க்காரன், செத்துப் பல வருஷம் ஆகிறது. சாகிறவர்களை, சாகிற நேரத்தில் பார்த்துப் பார்த்து வரைந்தவன் என்று ஊரில் பேச்சு.

ஸ்தெஃபானோ வேலை செய்யும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். சாரத்தில் உட்கார்ந்து, மேலே பூசியிருக்கும் சுண்ணாம்பைச் சின்னக் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறான், பஞ்சால் துடைக்கிறான், மறுபடி சுரண்டுகிறான். புனிதரின் முகம் தெரிகிறது, வாய் திறந்த வேதனை. அவருக்கு இரண்டு பக்கமும் நிற்கிற உருவங்கள் யாருடையவை என்பது மட்டும் உடனே தெரிவதில்லை. நாள் போகப் போக அவற்றின் முகமும் சுவரிலிருந்து வெளியே வருகிறது. துப்பறிதல் என்பதே இங்கே இந்தச் சுரண்டல்தான்! போலீஸ் கிடையாது, கைரேகை கிடையாது, ஒருவன் தன் தொழிலைச் செய்யச் செய்ய உண்மை வெளிவருகிறது. இவ்வளவு பொருத்தமான உருவகம் வேறு எந்த ஜல்லோவிலும் எனக்குத் தென்பட்டதில்லை, அதுவும் யாரும் வாய்விட்டு அதைச் சொல்வதில்லை.

ஊர் இன்னொரு பக்கம். தொலைபேசியில் ஒரு குரல், ஓவியத்தைத் தொடாதே, போய்விடு என்கிறது. ஓட்டலில் திடீரென்று அறை இல்லை என்கிறார்கள், ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த பெரிய வீட்டில் போய்த் தங்குகிறான், மாடியில் படுத்த படுக்கையாய் ஒரு கிழவி. எதையோ சொல்ல வந்த நண்பன் சொல்லி முடிக்குமுன் செத்துப்போகிறான். யாரும் கத்துவதில்லை, யாரும் மிரட்டுவதாகக்கூடத் தெரிவதில்லை, எல்லோரும் மரியாதையாகப் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குடிகார வண்டிக்காரன் ஒருவன் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கிறான். ஓர் ஊர் முழுக்க ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தால், அங்கே புதிதாய் வந்தவனுக்கு எப்படி இருக்கும்? பெரும்பாலும் பகல் வெளிச்சத்திலேயே நடக்கிறது, அதனால்தான் இன்னும் கலவரமாக இருக்கிறது. அப்புறம் படத்தின் பெயரில் வருகிற அந்த வீடு. வயலுக்கு நடுவே பாழாய் நிற்கிறது, ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் பெரிய பெரிய உதடுகள் வரைந்திருக்கிறது, ஜன்னலெல்லாம் வாயாகிச் சிரிக்கிறது. கேமரா அதை ஒன்றும் செய்வதில்லை, தூரத்திலிருந்து காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். கோழிப்பண்ணைப் படத்தில் இசையையும் வெட்டுகளையும் எடுத்துவிட்டால் சாதாரண முக்கோணச் சூழ்ச்சிக் கதை, அந்த ஆய்வகக் காட்சி மட்டும் தனித்து நிற்கும். நிலாப் படத்தில் ஸ்தொராரோவின் கேமராவை எடுத்துவிட்டால் ஒரு சிறுகதை மிஞ்சும். பிராக் படத்துக்கு அந்தப் பிணவறை யோசனை இல்லாவிட்டால் கஷ்டம். ஜன்னல் படத்தில் எதை எடுத்தாலும் அந்த ஊர் அப்படியே நிற்கிறது. அவாத்தி பொலோன்யாக்காரர், அந்தப் பக்கத்து மண்ணும் வழக்குக் கதைகளும் சின்ன வயதிலிருந்தே பழக்கம், வெளியிலிருந்து வந்து படம் பிடிக்கிறவர் இல்லை என்பது ஒவ்வொரு முகத்திலும் தெரிகிறது. கொலைகாரர் யார் என்ற விடையிலும் இதுதான் முந்துகிறது. மற்றவற்றில் விடை தெரிந்ததும் கதை முடிந்துவிடும், இதில் விடை வந்த பிறகுதான் முதுகு சில்லிடும்.

குறை இல்லையா என்றால், உண்டு. முதல் ஒரு மணி நேரம் மெதுவாகப் போகும், வேகத்துக்குப் பழகியவர்கள் நெளிவார்கள். கூட வரும் பெண் பாத்திரத்துக்கு எழுத்தில் அதிக உயிர் கொடுக்கவில்லை, பிற்பகுதியில் அவளுக்கு நேரும் வன்முறையைப் படம் நின்று யோசிக்காமல் தாண்டிப்போவது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. பார்க்க உட்காரும்முன் அது தெரிந்திருக்கட்டும். கோழிப்பண்ணைப் படமும் பெண்கள் விஷயத்தில் சுகமானதில்லை, பிராணிகள் என்றால் மனசு இளகுகிறவர்களுக்கு அதை நான் கொடுக்கவேமாட்டேன். நான்கில் யாருக்கும் பயமில்லாமல் சிபாரிசு செய்யக்கூடியது நிலாப் படம்தான்.

எந்த மொழியில் பார்ப்பது என்றும் கேட்பார்கள். அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்யமாட்டார்கள், எல்லாக் குரலும் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பதுதான். பல நாட்டு நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசியிருப்பார்கள். அதனால் எந்த மொழியில் போட்டாலும் உதடு சரியாகப் பொருந்தாது, அது பிரதியின் கோளாறு இல்லை. பிராக் படத்தையும் நிலாப் படத்தையும் ஆங்கிலத்தில் பார்த்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஜன்னல் படத்தை மட்டும் இத்தாலியக் குரலில், சப்டைட்டிலோடு பாருங்கள், கிராமத்து ஆட்களின் பேச்சுத் தொனியே பாதிப் படம். கோழிப்பண்ணைப் படத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வடிவமும், ஒன்றே முக்கால் மணிக்குப் பக்கத்தில் நீளமான ஒரு வடிவமும் இருக்கின்றன. பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டால் நீளமானதையே எடுங்கள், சுருக்கினதில் ஏற்கெனவே குழப்பமாக இருப்பது இன்னும் குழம்பிவிடுகிறது. இருண்ட, ஓரம் வெட்டின பழைய பிரதியில் நிலாப் படத்தைப் பார்க்கவே வேண்டாம். நான் முதலில் அப்படிப்பட்ட ஒன்றில்தான் பார்த்தேன், மயில் கண்ணாடிக் காட்சியில் மயிலே தெரியவில்லை.

ஆக, கையில் ஒரே ஒரு ராத்திரி என்றால் ஜன்னல் படம். உங்களுக்கு மெதுவான படம் ஒத்துவராது, கதையில் முதலிலிருந்தே ஒரு கொக்கி வேண்டும் என்றால் பிராக் படம், அது ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, வேலை நாள் ராத்திரியில்கூட முடித்துவிடலாம். ரத்தமே வேண்டாம், கண்ணுக்கும் மனசுக்கும் ஏதாவது வேண்டும் என்றால் நிலா. மூன்றையும் பார்த்து முடித்தவர்கள் கோழிப்பண்ணைக்கு வாருங்கள், அப்போது அது கோபமூட்டாது.

ஜன்னல் படத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விடாதீர்கள். பெயர்கள் ஓடும்போதே பழுப்பு நிறத்தில் ஒரு காட்சி போகிறது, கட்டித் தொங்கவிட்ட ஓர் ஆள், அதன் மேல் நிறங்களைப் பற்றிக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிற ஒரு குரல். அந்தக் குரலைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்தெஃபானோ தான் தங்கியிருக்கிற வீட்டில் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டெடுத்து முடுக்கும்போது அது திரும்ப வரும்.